கோமுகி நதியும் நகரத்தின் கடமையும்

கல்வராயன் மலைக் காடுகளிலே பெய்யும் மழை, ஓடைகளாகத் திரண்டு, கோமுகி நதி என்னும் பெயருடன் கச்சிராயபாளையத்துக்கு அருகே சமவெளியில் இறங்குகிறது. அங்கே 1960-களில் கட்டப்பட்ட அணையிலே சிறிது தங்கி, வயல்களுக்கு உயிர் கொடுத்து, கள்ளக்குறிச்சி நகரத்தை அடைகிறது. பின்னர் மணிமுக்தா நதியுடன் கூடி, விருத்தாசலத்து ஜனங்கள் தீர்த்தமென்று கொண்டாடும் துறைகளைக் கடந்து, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டைக்கு அருகே சமுத்திரத்தில் சேருகிறது. மலையிலிருந்து கடல் வரையில் இந்த நதி கைமாறிக் கைமாறிச் செல்லுகிறது. ஒவ்வோர் ஊரும் மேலேயுள்ள ஊரிடமிருந்து அதை வாங்கிக் கொள்ளுகிறது. கீழேயுள்ள ஊருக்குக் கொடுத்து விடுகிறது. வாங்கும்போது எப்படியிருந்தது, கொடுக்கும்போது எப்படியிருக்கிறது என்பதே அந்த ஊரின் நாணயத்துக்கு உரைகல். மலைவாசிகள் தெளிந்த நீராக இறக்கி அனுப்பும் நதியை நாம் எந்த நிலையில் அடுத்த ஊருக்கு அனுப்புகிறோம்? இக்கேள்வியை இன்று கள்ளக்குறிச்சி ஜில்லாவின் பொதுஜனங்கள் முன்னிலையில் வைக்க விரும்புகிறோம்.

கள்ளக்குறிச்சி, விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் தனி ஜில்லாவாயிற்று. ஜில்லாவின் தலைநகர் என்ற அந்தஸ்து வந்தால் கச்சேரிகள் வரும், கடைகள் வரும், வீடுகள் பெருகும். இவற்றையெல்லாம் கண்டு நாம் மகிழ்கிறோம். ஆனால் வீடு ஒன்று எழும்பினால் அதன் பின்புறத்தில் சாக்கடை ஒன்றும் பிறக்கிறது என்பதை நம்மில் பலர் நினைப்பதில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் மறு நாளே வீதியில் கூட்டம் கூடுகிறது. வந்த தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்பதற்கு ஒருவரும் கூடுவதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படியே கள்ளக்குறிச்சி நகரத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வசித்தனர். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது நம் நாட்டு எஞ்சினீயர்கள் திட்டமிடும்போது கொள்ளும் அளவு. அதில் ஐந்தில் நாலு பங்கு கழிவாகத் திரும்புகிறது என்பதும் அவர்கள் கணக்கே. ஐம்பதாயிரம் பேர் என்றே வைத்துக் கொண்டாலும், தினமும் 54 லட்சம் லிட்டர் அசுத்த ஜலம் உண்டாகிறது. குளித்த நீர், துவைத்த நீர், பாத்திரம் கழுவிய நீர், கக்கூஸ் நீர் எல்லாம் இதில் அடக்கம். இந்த 54 லட்சம் லிட்டரும் எங்கேயாவது போயாக வேண்டும். தண்ணீருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: பள்ளத்தை நோக்கி ஓடுவது. பள்ளத்தில் இருப்பவை ஏரியும் குளமும் நதியுமே.

பாதாளச் சாக்கடை இல்லாத நகரங்களில் கழிவு இரண்டு வழியாகப் பிரிகிறது. சமையலறை நீரும் குளியல் நீரும் வீதிச் சாக்கடையில் விழுகின்றன. கக்கூஸ் கழிவு வீட்டின் செப்டிக் டாங்கில் தங்குகிறது. டாங்க் கட்டியாயிற்று, கவலை தீர்ந்தது என்று குடும்பஸ்தர் எண்ணுகிறார். உண்மையில் அது தீர்வு அன்று, ஒத்திவைப்பு. டாங்கின் அடியில் கசடு சேர்ந்து கொண்டே வருகிறது. இரண்டு அல்லது மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அதை எடுத்தாக வேண்டும் என்பது விதி. எடுக்காவிட்டால் கசடு மேலே வழிந்து சாக்கடைக்குப் போகும். அடித்தளம் சரியாகப் பூசாத டாங்காயிருந்தால் பூமிக்குள் இறங்கி அண்டை வீட்டுக் கிணற்றை அடையும். பத்துப் பன்னிரண்டு வருஷமாகத் தன் வீட்டு டாங்க் நிரம்பவேயில்லை என்று பெருமை பேசுகிறவர், அது கீழே ஒழுகிக் கொண்டிருக்கிறது என்று அறிய வேண்டும்.

டாங்க் நிரம்பினால் லாரி வருகிறது. உறிஞ்சிக் கொண்டு போகிறது. ஐம்பதாயிரம் ஜனங்களுள்ள ஒரு நகரத்தில் பன்னிரண்டாயிரம் வீடுகள் என்று கொள்வோம். மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் ஒவ்வொரு வீட்டிலும் கசடு எடுத்தால், வருஷத்துக்கு நாலாயிரம் லாரி, நாளொன்றுக்குப் பதினொன்று. இந்தப் பதினொரு லாரிகளும் எங்கே போய்க் காலியாகின்றன? போய்ச் சேருவதற்கு ஒரு நிலையம் இருந்தால் அங்கே போகும். இல்லாவிட்டால் இருட்டிய பிறகு ஒதுக்குப்புறமான ஓடைக்குப் போகும். லாரிக்காரரை மாத்திரம் குற்றம் சொல்லிப் பயனில்லை. கொட்டுவதற்கு இடம் காட்டாத ஊர், கொட்டினவரைத் தண்டிக்க என்ன யோக்கியதை பெற்றது?

நதி எல்லாவற்றையும் தாங்கிக் கொள்ளும், ஓடுகிற நீருக்குத் தோஷமில்லை என்று சிலர் சொல்லுவார்கள். ஒரு காலத்தில் இது ஓரளவு உண்மையாயிருந்தது. நதி நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைக் கொண்டு நுண்ணுயிர்கள் அசுத்தத்தைத் தின்று தீர்க்கின்றன. அசுத்தம் சொற்பமாகவும் நீர் அதிகமாகவும் இருந்தால் நதி தன்னைத்தானே சுத்தம் செய்து கொள்ளும். அசுத்தம் அதிகமாகி நீர் குறைந்தால் பிராணவாயு தீர்ந்து போகிறது. மீன்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன. பின்னர் பிராணவாயு இல்லாமலே வாழும் வேறு ஜாதி நுண்ணுயிர்கள் பெருகி, நீரைக் கறுப்பாக்கி, துர்நாற்றத்தைக் கிளப்புகின்றன. கோமுகியோ வருஷம் முழுவதும் பெருகி ஓடும் நதியன்று. மழைக் காலத்தில் சீறி வந்து, கோடையில் மணலாகக் கிடப்பது. மேலே அணை நீரைத் தடுத்து வைத்திருக்கும் மாதங்களில், கீழே நதிப் படுகையில் விழும் சாக்கடையில் கலப்பதற்கு நல்ல நீரே இராது. அப்பொழுது நதி என்று நாம் அழைப்பது ஊர்ச் சாக்கடையின் மற்றொரு பெயராக முடியும்.

நாற்றமும் கறுப்பும் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிபவை. இவற்றைக் காட்டிலும் கொடியது கண்ணுக்குத் தெரியாதது. வாந்திபேதி, டைபாய்ட் ஜுரம், சீதபேதி, காமாலை, குடற் புழுக்கள் ஆகிய இவையெல்லாம் ஒருவர் மலத்திலிருந்து மற்றொருவர் வாய்க்குத் தண்ணீர் வழியாகப் பிரயாணம் செய்பவை. 1854-ம் வருஷத்தில் லண்டன் நகரில் வாந்திபேதி பரவியபோது, ஜான் ஸ்நோ என்ற வைத்தியர் வீடு வீடாகக் கணக்கெடுத்து, ஒரே தெருக் குழாயில் தண்ணீர் எடுத்தவர்களே அதிகமாக மாண்டனர் என்று காட்டினார். கெட்ட காற்றினால் நோய் வருகிறது என்று படித்தவர்களும் நம்பியிருந்த காலம் அது.

அக்கரைக் கதை போதும். நம் தேசத்துக் கதையைப் பார்ப்போம். சுதந்திரம் வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. 1955-ம் வருஷக் கடைசியில், யமுனை நதி வெள்ளத்துக்குப் பின் தன் போக்கை மாற்றிக் கொண்டது. நஜப்கர் கால்வாயில் வந்த டில்லி நகரத்துச் சாக்கடை, குடிநீர் எடுக்கும் வஜீராபாத் துறையை நோக்கித் திரும்பியது. எஞ்சினீயர்கள் சும்மாயிருக்கவில்லை, குளோரின் மருந்தை அதிகமாகச் சேர்த்தார்கள். ஆயினும் 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் டில்லியில் ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது ஹெபடைடிஸ் ஈ என்னும் வகை என்று பிற்கால ஆராய்ச்சி தெரிவித்தது. கர்ப்பிணிகளுக்கு அது முக்கியமாக அபாயகரமானது. தேசத்தின் தலைநகரத்தில், குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் வேலை செய்து கொண்டிருக்கும்போதே, இது நடந்தது. இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் மிகத் தெளிவானது. குடிநீரைக் காய்ச்சியும் வடிகட்டியும் மருந்திட்டும் காப்பாற்றிக் கொள்ளலாம் என்று எண்ணி, சாக்கடையை அதன் போக்கில் விட்டுவிடலாகாது. காவல் நதிக்கு முன்னாலே நிற்க வேண்டும். நம் வீட்டுப் பானைக்கு முன்னால் மாத்திரம் நின்றால் போதாது.

2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. நாடே பதறியது, மந்திரிகள் வந்தனர், விசாரணைகள் நடந்தன. அவ்வளவும் வேண்டியதே. ஆனால் சில மணி நேரத்தில் கொல்லும் விஷத்துக்குக் கிடைக்கும் கவனம், தண்ணீரில் கலந்து மெள்ள மெள்ளக் கொல்லும் விஷத்துக்குக் கிடைப்பதில்லை. ஒரு குழந்தை வயிற்றுப்போக்கில் வாடினால் தாயின் கைப்பக்குவத்தைக் குறை சொல்லுகிறோம். ஒரு கூலியாள் ஜுரத்தில் பத்து நாள் படுத்தால் அவன் விதி என்கிறோம். ஊரின் கழிவுநீர்க் கணக்கில் அந்தக் குழந்தையின் பெயரும் அந்தக் கூலியாளின் பத்து நாள் சம்பளமும் எழுதப்படுவதில்லை. இவ்வகை நோயினால் முதலில் வருந்துகிறவர் யார்? புட்டித் தண்ணீர் வாங்கச் சக்தியில்லாதவர். ஆற்றோரத்திலும் சாக்கடையோரத்திலும் குடியிருப்பவர். அசுத்தம் உண்டாக்குவதில் எல்லோருக்கும் பங்குண்டு. அதன் தண்டனை மாத்திரம் ஏழைக்குப் போகிறது.

இதற்குப் பரிகாரம் என்ன? கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமே. இது ஏதோ மாய யந்திரம் என்று மலைக்க வேண்டியதில்லை. நதி இயற்கையாகப் பல மைல் தூரத்தில் செய்யும் வேலையை, ஒரு வேலிக்குள், சில மணி நேரத்தில் செய்விப்பதே இதன் சூத்திரம். முதலில் கம்பிச் சல்லடை துணியையும் குப்பையையும் தடுக்கிறது. அடுத்த தொட்டியில் மணல் படிகிறது. பிறகு வரும் பெரிய தொட்டியிலே காற்றைச் செலுத்துகிறார்கள். பிராணவாயு கிடைத்த நுண்ணுயிர்கள் கோடி கோடியாகப் பெருகி, நீரில் கரைந்துள்ள அசுத்தத்தைத் தின்று, திரள் திரளாகச் சேருகின்றன. அதற்கடுத்த தொட்டியில் அத்திரள்கள் அடியில் படிய, தெளிந்த நீர் மேலே வழிகிறது. படிந்த கசடில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பி மறுபடியும் வேலை வாங்குகிறார்கள். மிகுதியைப் பதப்படுத்தி உலர்த்துகிறார்கள். வழிந்த நீரில் மிஞ்சிய கிருமிகளை மருந்திட்டுக் கொன்று வெளியே விடுகிறார்கள். சாக்கடை நீரின் கெடுதியை, அது எவ்வளவு பிராணவாயுவைக் கேட்கும் என்பதைக் கொண்டு அளப்பது வழக்கம். பச்சைச் சாக்கடையில் லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும் இந்தத் தேவை, நிலையத்திலிருந்து வெளியேறும்போது பெருநகரங்களில் 20-க்கும் மற்ற ஊர்களில் 30-க்கும் மேற்படலாகாது என்று மத்திய சர்க்கார் 2017-ம் வருஷத்தில் விதித்தனர்.

இம்முறை நேற்றுப் பிறந்ததன்று. 1914-ம் வருஷத்தில் மாஞ்செஸ்டர் நகரத்தில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் இதை வெளியிட்டனர். அவர்களுக்குத் தூண்டுகோலாயிருந்த கில்பர்ட் பௌலர் என்ற ரசாயன சாஸ்திரி 1916-ம் வருஷத்திலேயே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். ஆகவே, இந்த அறிவு நம் தேசத்துக்கு வந்து நூறு வருஷங்களுக்கு மேலாகிறது. அறிவு வந்தது, காரியம் வரத் தாமதித்தது.

பாதாளச் சாக்கடை போட்டாலே போதும் என்று எண்ணுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1858-ம் வருஷக் கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் பார்லிமெண்டு மண்டபத்துக்குள்ளேயே புகுந்தது. அதன் பிறகு லண்டன்வாசிகள் பிரம்மாண்டமான சாக்கடைக் குழாய்களைக் கட்டி, கழிவை நகரத்துக்குக் கிழக்கே கொண்டு போய் நதியில் விட்டார்கள். நகரம் பிழைத்தது, நதி பிழைக்கவில்லை. 1878-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் 'பிரின்ஸெஸ் ஆலிஸ்' என்ற பிரயாணிகள் கப்பல் அந்த இடத்துக்கு அருகே மோதி மூழ்கியது. சற்று முன்னர் திறந்துவிடப்பட்ட சாக்கடை நீரில் விழுந்தவர்களில் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நிலையமில்லாத குழாய் அசுத்தத்தை ஒழிப்பதில்லை. நம் வாசலிலிருந்து அடுத்தவன் வாசலுக்கு மாற்றுகிறது. கள்ளக்குறிச்சிக்குக் கீழே எத்தனை கிராமங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நம் தேசத்தின் மொத்தக் கணக்கு இன்னும் வருத்தத்தைத் தருகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7,237 கோடி லிட்டர் கழிவுநீர் உண்டாகிறது. அமைக்கப்பட்ட நிலையங்களின் சக்தி 3,184 கோடி லிட்டர். உண்மையில் சுத்தம் செய்யப்பட்டதோ 2,024 கோடி லிட்டர் மாத்திரமே. தமிழ்நாட்டில் 642 கோடி லிட்டர் கழிவுக்கு 149 கோடி லிட்டர் சக்தியுள்ள நிலையங்களே இருந்தன என்று அவ்வறிக்கை கூறுகிறது. இந்த எண்களை நேயர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். நிலையங்கள் போதவில்லை என்பது ஒரு குறை. இருக்கும் நிலையங்களிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட சக்தி வீணாகிறது என்பது அதனினும் பெரிய குறை. வீடுகளிலிருந்து இணைப்புக் கொடுக்கப்படாமல் நிலையம் பட்டினி கிடக்கலாம். மின்சாரச் செலவுக்குப் பணமில்லாமல் காற்றூதும் யந்திரம் நிற்கலாம். கெட்டுப்போன பம்பைச் சீர்செய்ய ஆளில்லாமலிருக்கலாம். எக்காரணமாயினும் முடிவு ஒன்றே. திறப்பு விழாக் கல்வெட்டு சுவரிலிருக்கும், சாக்கடை நதியிலிருக்கும்.

சட்டத்திலே குறையில்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-ம் வருஷத்தில் பிறந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ம் வருஷத்தில் ஏற்பட்டது. 2017-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டார், உள்ளூர் ஸ்தாபனங்கள் மூன்று வருஷத்துக்குள் கழிவுநீர் நிலையங்களை அமைக்க வேண்டுமென்றும், பணமில்லை என்பதைச் சாக்காகச் சொல்லலாகாதென்றும் தீர்ப்புக் கூறினர். சட்டமும் தீர்ப்பும் காகிதத்தில் எவ்வளவு தெளிவாயிருந்தாலும், முனிசிபல் கவுன்ஸிலில் எழுந்து நின்று கேட்பார் இல்லாவிட்டால் அவை காகிதமாகவே இருக்கும்.

சிறு ஊர்களுக்கு இதெல்லாம் எட்டாக் கனி என்று சிலர் சோர்வு கொள்ளக்கூடும். அவர்கள் மதுராந்தகத்துக்கு அருகேயுள்ள கருங்குழியைப் பார்க்க வேண்டும். அது ஒரு பேரூராட்சிதான். அங்கே பாதாளச் சாக்கடை முழுவதும் அமையும் வரையில் காத்திராமல், செப்டிக் டாங்க் கசடுக்கென்றே ஒரு நிலையம் 2017-ம் வருஷத்தில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் இவ்வகையில் அதுவே முதலாவது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 23,000 லிட்டர் கசடை ஏற்பது அதன் அளவு. அதாவது நாலைந்து லாரிகள். கருங்குழிக்கு மாத்திரமன்றி மதுராந்தகம் முனிசிபாலிடிக்கும் அது பயன்படுவதாய் அமைந்தது. இவ்வித நிலையத்தின் வேலை எளியது. லாரி கொண்டு வரும் கசடைப் படுகைகளில் பரப்பி வெயிலில் உலர்த்துகிறார்கள். வடிந்த நீரைத் தனியே தெளியவைக்கிறார்கள். பெரிய யந்திரங்களோ பெருத்த மின்சாரச் செலவோ இல்லை. நம் நாட்டு வெயிலே பாதி வேலையைச் செய்து விடுகிறது. வீதிச் சாக்கடை நீருக்கு இது பரிகாரமாகாது. அதற்கு வேறு நிலையம் வேண்டும். ஆனால் அசுத்தங்களிலெல்லாம் கொடியதான மலக் கசடு ஓடைக்குப் போகாமல் தடுக்க, ஓர் ஊர் நாளைக்கே தொடங்கக்கூடிய வழி இது. கருங்குழியால் முடிந்தது கள்ளக்குறிச்சியால் முடியாதென்று எவர் சொல்லுவார்? சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம், உளுந்தூர்ப்பேட்டை, திருக்கோவலூர் ஆகிய ஊர்கள் தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்து ஒன்றுக்கொன்று உதவுவதற்கும் இது ஏற்ற முறையாகும்.

செலவைப் பற்றிய ஆட்சேபத்தையும் கவனிப்போம். நிலையத்தைக் கட்டுவதற்கு இராஜாங்கத்தின் உதவி கிடைக்கலாம். நடத்துவதற்கு ஊர் வரி கொடுத்தாக வேண்டும். இதை மறைத்துப் பேசுவது ஜனங்களுக்குச் செய்யும் நன்மையன்று. ஆனால் நடத்தாமலிருப்பதற்கும் செலவு உண்டு. அது ஆஸ்பத்திரி வாசலிலும் மருந்துக் கடையிலும் தண்ணீர்ப் புட்டிக் கடையிலும் சில்லறை சில்லறையாக வசூலிக்கப்படுகிறது, ரசீது கொடுப்பாரில்லை. வருமானமும் அடியோடு இல்லாமலில்லை. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-ம் வருஷத்தில் தலைக்கு நாலரைக் கோடி லிட்டர் சக்தியுள்ள இரண்டு நிலையங்கள் ஏற்பட்டு, கழிவுநீரை மிக உயர்ந்த தரத்துக்குச் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்கு விற்கின்றன. கள்ளக்குறிச்சிப் பக்கம் நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளைகிற பூமி. விதிப்படி சுத்தமாக்கிய நீர் கோடையில் கரும்புக்குக் கிடைக்குமானால் அது குடியானவனுக்குச் சிறு லாபமாகாது.

நிலையம் வேண்டும், ஆனால் எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்ற கூச்சல் எல்லா ஊரிலும் எழுகிறது. இதை வெறும் அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமன்று. சரியாக நடத்தப்படாத நிலையம் நாறும் என்பதை ஜனங்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். ஆகையால் இடம் குறிக்கும் முன்னரே அக்கம் பக்கத்தாரைக் கலந்து பேசி, நன்றாக நடக்கும் நிலையமொன்றை அவர்களுக்குக் காட்டி, நாற்றம் உண்டானால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிர்த்துப் பேச வலுவில்லாதவர்கள் குடியிருக்கும் இடம் என்பதற்காகச் சேரிப் பக்கத்தைப் பொறுக்கியெடுக்கும் பழைய வழக்கம் ஒழிய வேண்டும். ஊராரின் அசுத்தத்தைச் சிலர் தலையில் சுமத்தி வந்த அநீதியை, காங்கிரீட்டில் கட்டி நிலைக்கச் செய்வதற்கா நாம் நிலையம் கேட்கிறோம்?

தொழிலாளர் விஷயமும் இதனுடன் சேர்ந்ததே. சாக்கடைக் குழியிலும் செப்டிக் டாங்கிலும் மனிதனைப் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. அவ்வாறு இறங்கி மாண்டவர் குடும்பத்துக்கு முப்பது லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று 2023-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டார் ஆணையிட்டனர். ஆனால் உயிர் போன பிறகு எண்ணிக் கொடுக்கும் பணத்தைவிட, உயிர் போகாமல் காக்கும் யந்திரம் மலிவானது. அதை வாங்குவதே மனிதத் தன்மையுமாகும். எந்த நகரசபையின் கழிவுநீர் ஏற்பாடு ஒரு மனிதன் குழியில் இறங்குவதை நம்பி நிற்கிறதோ, அது எவ்வளவு புதியதாயிருப்பினும் காட்டுமிராண்டி ஏற்பாடே.

மலையைப் பற்றியும் கூற வேண்டும். கல்வராயன் மலைவாசிகள் ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து விடுபட்டதே 1976-ம் வருஷத்தில்தான். சாலையும் பள்ளியும் வைத்தியமும் அவர்களுக்குத் தாமதித்தே போய்ச் சேர்ந்தன. இன்னும் போதிய அளவு சேரவில்லை. அங்கே வெள்ளிமலையிலும் மற்ற ஊர்களிலும் பெரிய நிலையங்கள் தேவையில்லை. வீட்டுக்கு இரண்டு குழிகள் அமைத்து, ஒன்று நிரம்பியதும் அதை மூடி மற்றொன்றைப் பயன்படுத்தி, மூடிய குழியில் கசடு மக்கிய பிறகு எருவாக எடுக்கும் முறை சிதறிய குடிசைகளுக்குப் பொருந்தும். குழி, ஊற்றுக்கும் கிணற்றுக்கும் தக்க தூரத்தில், அவற்றுக்குப் பள்ளமான பக்கத்தில் அமைய வேண்டும் என்பதொன்றே முக்கியம். அருவி பார்க்கப் போகும் சமவெளிக்காரர்கள் அங்கே அசுத்தம் செய்யாதிருந்தாலே பெரிய உபகாரமாகும். மலையின் ஊற்று கெட்டால் கீழே எத்தனை நிலையம் கட்டினாலும் பயனில்லை.

இனி, அரசியல் தொண்டு புரியும் நமது நண்பர்களுக்கு. 1901-ம் வருஷத்தில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மகாசபையிலே, பிரதிநிதிகள் தங்கிய இடத்தின் கக்கூஸ்கள் அசுத்தமாய்க் கிடந்ததைக் கண்ட காந்தி, அது தோட்டியின் வேலை என்று தொண்டர்கள் சொல்லக் கேட்டு, தாமே துடைப்பம் எடுத்தார். தீர்மானங்கள் அந்த மகாசபையில் எத்தனையோ நிறைவேறியிருக்கும். அந்தத் துடைப்பம் சொன்ன பாடம் அவற்றுக்குக் குறைந்ததன்று. சுயராஜ்யம் என்பது தலைநகரத்துக் கொடிமரத்தில் மாத்திரம் இல்லை. தன் வீட்டுக் கழிவுக்குத் தான் பொறுப்பேற்கும் ஊரிலே இருக்கிறது. மேடையில் தேசத்தை வாழ்த்திவிட்டு, அத்தேசத்தின் நதியில் சாக்கடையை விடுகிறவர்கள் எதை வாழ்த்தினார்கள் என்று நாம் அறியோம்.

ஆகவே ஒவ்வொரு நகரசபைக் கூட்டத்திலும் நம் தொண்டர்கள் எழுந்து நின்று கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. இவ்வூரில் நாளொன்றுக்கு உண்டாகும் கழிவுநீர் எவ்வளவு? அதில் சுத்தமாவது எவ்வளவு? கழிவுநீர் லாரிகள் எத்தனை. அவை எங்கே காலியாகின்றன? நிலையத்திலிருந்து வெளியேறும் நீரின் பரிசோதனை முடிவு என்ன. அதை ஏன் மாதந்தோறும் ஊர்ச் சாவடியிலும் நகரசபை வாசலிலும் தமிழில் எழுதி ஒட்டலாகாது? நடத்தும் செலவுக்கு அடுத்த வருஷத்துக் கணக்கில் ஒதுக்கிய தொகை எவ்வளவு? யந்திரம் நின்றால் எத்தனை நாளில் சீராகும்? இக்கேள்விகளுக்கு எண்களால் விடை வர வேண்டும். உபசார வார்த்தைகளால் வரலாகாது. சேர்மனோ கமிஷனரோ விடை தரும் வரையில் மாதந்தோறும் கேட்க வேண்டும். கட்சிப் பேதம் இதில் வேண்டியதில்லை. எக்கட்சியாருடைய குழந்தையும் குடிப்பது அதே தண்ணீரைத்தான்.

நிலையத்தைத் திறந்து வைப்பதற்குப் பிரமுகர்கள் கிடைப்பார்கள், மாலைகளும் கிடைக்கும். அதற்கு மறுநாளும், ஆயிரமாவது நாளும், நடுநிசியிலும் காற்றூதும் யந்திரம் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு விழிப்புள்ள ஊர் வேண்டும். விருத்தாசலத்துத் துறையில் நாளை முழுக்குப் போடும் கிழவிக்குக் கள்ளக்குறிச்சி எங்கேயிருக்கிறது என்று தெரியாமலிருக்கலாம். கள்ளக்குறிச்சிக்கு அவளைத் தெரிந்திருக்க வேண்டும். கல்வராயன் மலை நமக்குக் கொடுத்தபடியே கோமுகியை அவளுக்குக் கொடுப்பதுதான் நமது கடமை. அக்கடமையை இவ்வூரார் இனியும் தள்ளிப் போடலாகாதென்பது நமது உறுதியான அபிப்பிராயம்.